கூகுள் ஸ்காலர்: நெறியாளரைத் தேடுவோருக்கு எவ்வளவு உதவும்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலிருந்து ஊட்டச்சத்து, வளர்சிதை மாற்றத் துறைகளில் முனைவர் பட்ட நெறியாளரைத் தேடும் தமிழ் மாணவர்களுக்கு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேட 2004இல் தொடங்கப்பட்ட கூகுள் ஸ்காலர் சேவை கட்டணமின்றிக் கிடைக்கும் நல்ல வழியாகும். ஆய்வாளரின் பக்கத்தில் கட்டுரைகள், மேற்கோள்கள், எச்-குறியீடு ஆகியவை ஒருசேரத் தெரிகின்றன. அண்மை ஆண்டுகளில் பெற்ற மேற்கோள்களின் கணக்கைத் தனியே காட்டுவது, அவருடைய கட்டுரைகள் இன்னும் எடுத்தாளப்படுகின்றனவா என்பதை அறியப் பெரிதும் உதவுகிறது.

எச்-குறியீட்டை மட்டும் நம்புவதை நான் ஏற்கமாட்டேன். 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்மொழிந்த அந்த அளவீடு 20 என்றால், 20 கட்டுரைகள் தலா 20 முறையேனும் மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்பதே பொருள். சோளத்திலுள்ள லூசின் என்னும் அமினோ அமிலத்தை, நியாசின் (வைட்டமின் பி3) குறைவால் வரும் பெல்லாக்ரா நோயுடன் தொடர்புபடுத்தி 1960இல் சி. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் வெளியிட்டதைப் போன்ற தனியொரு கட்டுரையின் கனத்தை அது காட்டாது. மேலும், பலர் கூடி எழுதிய கட்டுரையின் மேற்கோள்கள் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுமையாகச் சேர்கின்றன.

ஆய்வேடுகளும் முன்பதிப்புகளும் (சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முன்பே வெளியிடப்படும் கட்டுரைகள்) எண்ணப்படுவதால், ஸ்கோபஸ் என்னும் மேற்கோள் தரவுத்தளம் தரும் எண்ணிக்கையைவிட இங்கு பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். தலைப்பெழுத்துடன் வழங்கும் நம் பெயர்கள் எளிதில் கலந்துவிடக்கூடியவை (எத்தனை எஸ். குமார்கள்!) என்பதால், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்து வழங்கப்படும் ஆர்சிட் (ORCID) எண்ணுடன் ஒப்பிடுவது நல்லது. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன்.