முதல் அனிமே எதைக் கொடுப்பது? பெங்களூர் அறைகளில் ஓடியதும் பாதியில் நின்றதும்

"அனிமே பார்க்கலாம்னு இருக்கேன், ஒண்ணு சொல்லு மச்சா" என்று ஜப்பானிய அனிமேஷன் பற்றிக் கேட்பவரிடம் நமக்குப் பிடித்ததைத் தூக்கிக் கொடுப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. ஒன் பீஸ் தொடர் 1999-ல் தொடங்கி 1,100 எபிசோடைத் தாண்டியும் முடியவில்லை. எண்ணிக்கையைப் பார்த்ததுமே கேட்டவர் கிரிக்கெட் பக்கம் போய்விடுவார். எஜிபுரா, பிடிஎம் பக்கத்து பிஜி அறைகளிலும் அல்சூர் வீடுகளிலும் வருடக்கணக்கில் பரிந்துரைத்துப் பார்த்ததில் தேறியது இதுதான்: புதியவருக்குச் சிறந்ததைவிட, முடிகிறதைக் கொடுக்க வேண்டும்.

முதலில் கணக்கு. ஒரு எபிசோடு சுமார் 24 நிமிடம். தொடக்கப் பாட்டு ஒன்றரை நிமிடம், முடிவுப் பாட்டு ஒன்றரை நிமிடம். இரண்டையும் தாண்டினால் 21. பன்னிரண்டு எபிசோடு கொண்ட தொடர் நாலேகால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு தமிழ்ப் படம் அதைவிட நீளம். ஒயிட்ஃபீல்டில் பர்ப்பிள் லைன் ஏறி மெஜஸ்டிக்கில் இறங்குவதற்குள் இரண்டு எபிசோடு தாராளமாக முடியும். வீட்டு வைஃபையிலேயே டவுன்லோடு செய்துகொண்டு கிளம்புங்கள். கப்பன் பார்க் வந்து ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது சண்டையின் உச்சத்தில் படம் சுற்றிக்கொண்டே நின்றால், அந்த எரிச்சல் கதை மேல்தான் விழும்.

தொடருக்கு முன்னால் ஒரு படம். எங்கள் முதல் தேர்வு இயக்குநர் மகோட்டோ ஷின்காயின் யுவர் நேம் (2016). ஒன்றேமுக்கால் மணி நேரம், முன் கதை எதுவும் தெரிய வேண்டாம். முதல் பாதி உடல் மாறும் கலாட்டா என்பதால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். நடுவில் காலக்கணக்கு ஒரு திருப்பம் எடுக்கிறது. அந்த இடத்தில் வாட்ஸாப் பார்த்தவருக்குப் படம் புரியாது. சாப்பாட்டு நேரத்தில் போட வேண்டாம். இயக்குநர் மியாசாகியின் ஸ்பிரிட்டட் அவே (2001) ஆஸ்கர் வாங்கியது, யாருக்கும் போடலாம். ஆனால் 'ஹீரோ யார், வில்லன் யார்' என்று பத்தாவது நிமிடத்திலேயே கேட்பவருக்கு அது நழுவும்.

மியாசாகியின் ஜிப்லி ஸ்டுடியோ என்றால் குழந்தைப் படம் என்று நம்புவது தனி ஆபத்து. 1988-ல் ஜப்பானில் மை நெய்பர் டோட்டோரோவும் கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸும் ஒரே டிக்கெட்டில் சேர்த்துக் காட்டப்பட்டன. முதலாவதை ஐந்து வயதுக் குழந்தையோடு உட்கார்ந்து பார்க்கலாம். இரண்டாவது, போரில் பட்டினி கிடக்கும் அண்ணன் தங்கை கதை. பெரியவர்களுக்கே இரண்டு நாள் மனசு சரியிருக்காது. பிரின்சஸ் மோனோனோகேயில் அம்பு பட்டுக் கையும் தலையும் தனியாகப் பறக்கும். 'கார்ட்டூன்தானே' என்று பிள்ளைகளிடம் ரிமோட்டைக் கொடுக்கும் முன், திரை ஓரத்தில் வரும் 7+, 13+, 16+ குறியைப் பாருங்கள்.

க்ரைம் த்ரில்லர் ரசிகருக்கு டெத் நோட். 37 எபிசோடு. கொலையாளி யாரென்று முதல் எபிசோடிலேயே தெரியும். பிடிப்பார்களா என்பதுதான் ஆட்டம். 25-க்குப் பிறகு வேகம் குறைகிறது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் 28-ல் வந்து சண்டை போடமாட்டார்கள். ஸ்டைன்ஸ் கேட் இதைவிட நல்ல கதை என்று வாதாடலாம், நாங்களும் வாதாடுவோம். ஆனால் அதன் 24 எபிசோடில் ஏறக்குறைய முதல் பாதி, பின்னால் வரப்போவதற்கு வெடி அடுக்குவதிலேயே போகிறது. புதியவர் நாலாவதிலேயே இறங்கிவிடுகிறார். இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீளமான ஒன்று தாங்குவார் என்றால் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட், 64 எபிசோடு, முழுக்கதை. கவனம், ஒரே பெயரில் இரண்டு தொடர் இருக்கின்றன. 2003-ல் முதலாவது வந்தபோது மூலக் கதையான காமிக்ஸ் முடியவில்லை. அதனால் அது பாதியில் தன் போக்கில் போனது. 2009-ல் வந்த பிரதர்ஹுட்தான் மூலத்தோடு ஒட்டிப் போகிறது. அதிலும் முதல் எபிசோடு மூலத்தில் இல்லாத, ஆட்களை அவசரமாக அறிமுகப்படுத்தும் ஒன்று. யார் யாரென்றே புரியவில்லை என்று புலம்பினால், மூன்றாவது வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

மூலம் முடியாத சிக்கலிலிருந்து பிறந்ததுதான் ஃபில்லர். மூலக் காமிக்ஸ் வாரப் பத்திரிகையில் வாரத்துக்கு ஓர் அத்தியாயம் வருகிறது; டிவி எபிசோடு அதைவிட வேகமாகக் கதையைத் தின்கிறது. கதை தீர்ந்ததும் எதையாவது போட்டு நிரப்புகிறார்கள். நருட்டோவின் 220 எபிசோடில் 136 முதல் 219 வரை பெரும்பாலும் நிரப்புதான். தயங்காமல் தாண்டலாம்.

அடுத்தது பார்க்கும் வரிசை. 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில் தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்தபோது, முன் கதை தெரியாமல் நண்பர்களோடு போனவர்கள் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது கதையின் நடுப்பகுதிகூட அல்ல, இறுதிப் போரின் தொடக்கம். முதல் சீசன் 26, பிறகு முகன் டிரெயின் படம், அதன்பின் 11, 11, 8 எபிசோடாக மூன்று பகுதி, அதற்குப் பிறகே இந்தப் படம். முகன் டிரெயின் 7 எபிசோடாகவும் கிடைக்கிறது. இரண்டில் ஒன்று போதும். அட்டாக் ஆன் டைட்டனில் 'கடைசி சீசன்' என்று பெயர் வைத்ததே 2020 டிசம்பரில் தொடங்கி 2023 நவம்பரில்தான் முடிந்தது. நம்ம ஊர் சீரியல்கள் எவ்வளவோ தேவலை.

மொழிக்கு வருவோம். பெங்களூர் தமிழ் வீடுகளில் வளர்ந்த பலருக்குப் பேச்சு தமிழ், பள்ளி கன்னடமும் ஆங்கிலமும். பாட்டியும் சேர்ந்து பார்க்கிறார் என்றால் டப்பிங்கைத் தவிர வேறு வழியில்லை. சோலோ லெவலிங் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இருப்பதால் கலவையான பிஜி அறைக்கும் தோதானது; சண்டை சண்டை என்று போகும் கதை, டப்பிங்கில் அதிகம் இழப்பில்லை. மெதுவான, பேச்சை நம்பிய கதைகளுக்கு ஜப்பானிய ஒலியும் சப்டைட்டிலும்தான். அங்கே ஒரு சின்னக் கண்ணி: சப்டைட்டில் பட்டியலில் இரண்டு ஆங்கிலம் இருந்தால், 'சிசி' (CC) என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஆங்கில டப்பிங்குக்காக எழுதியது. ஜப்பானிய ஒலியோடு அதை வைத்தால் ஆள் பேசி முடித்த பிறகும் எழுத்து ஓடும், பெயர்கள் மாறும். சாதா ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பார்த்து முடித்தவர் "அடுத்த சீசன் எப்போ?" என்று கேட்டால் மங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ் பக்கம் திருப்பிவிடலாம். (மாங்கா என்று எழுதினால் உப்பும் மிளகாய்த்தூளும் தேடத் தோன்றும்.) சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் நடுத் தொகுதிகள் மலிவாகக் கிடக்கும், மூன்றும் ஏழும் மட்டும் வாங்கிவந்து முழிக்க வேண்டாம், முதல் தொகுதி கிடைத்தால் மட்டும் தொடங்குங்கள். கட்டங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நமக்குக் கடைசிப் பக்கமாகத் தெரிவதுதான் அதற்கு முதல் பக்கம்.