ரப்பர் புழு: இனாண்டா அணையில் ஒரு நாள்

இதுவரை மீன் பிடிக்கப் பெட்டி நிறைய போலி இரைகளோடு போய், பத்து நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே இருப்பேன். "ஒன்றை மட்டும் எடுத்து வா மாப்பிள்ளை" என்றார் மாமா. சரி என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாங்கிய 5 அங்குல ரப்பர் புழுவோடு, நகருக்கு அருகிலுள்ள இனாண்டா அணைக்குப் போனேன். உப்பு கலந்தது, பச்சையில் கரும்புள்ளி.

எடைக்கு ஈயக்குண்டு வேண்டாம். நடுவில் கொக்கியைக் குத்தி எறிந்தால், இரு முனையும் நடுங்கியபடி மெல்ல இறங்கும். இழுக்காமல் காத்திருப்பதுதான் கஷ்டம். கோரையோரம் தூண்டில் நரம்பு சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்தது. பாஸ் (bass) மீன்! மதியத்துக்குள் நான்கு.

குறை ஒன்று: இரண்டு மீனுக்குள் புழு கிழிந்துவிடுகிறது. நடுவில் ரப்பர் வளையம் மாட்டி, அதில் கொக்கியைக் கோத்தால் கூடுதலாகத் தாங்கும். அடுத்த சனிக்கிழமையும் இதேதான். பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.