பழைய சேட்டக்குக்கு டவுனில் ஒரு கடை

எங்கள் வீட்டில் நிற்பது 1991 மாடல் பஜாஜ் சேட்டக். அப்பா வாங்கியது. 145 சிசி, டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய வண்டி. சேட்டக் சாமான் என்று இப்போது செல்போனில் தேடினால் 2020-இல் வந்த பேட்டரி வண்டிக்குக் கொண்டுபோய் விடுகிறது. கடைகளிலும் அதே கதைதான். கவுன்டரில் நிற்கிற பையன் பிறப்பதற்கு முன்னால் வந்த வண்டி, அவனைக் குறை சொல்லி என்ன செய்ய?

போன வைகாசியில் வண்டி வெள்ளைப் புகையாகக் கக்க ஆரம்பித்தது. தெருப்பிள்ளைகள் கொசு மருந்து வண்டி என்று பெயரே வைத்துவிட்டார்கள். காட்டிய இரண்டு இடத்திலும் ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் மாற்ற வேண்டும் என்றார்கள். சரி, பிஸ்டன் செட்டை வாங்கி வைப்போம் என்று கல்லிடைக்குறிச்சியில் செங்கோட்டை பாசஞ்சரைப் பிடித்து, திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ் ஏறிப் போனேன்.

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டார், அதனால் விட்டுவிடுகிறேன். ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்தில் இருக்கிறது. பிஸ்டன் கேட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"கியர் ஆயில் குறையுதா?"

பார்த்ததில்லை என்றேன்.

"பிளக்கக் கழத்திக் கொண்டாந்தியளா?"

இல்லை.

"அப்போ போய்ப் பாத்துட்டு வாங்க. பிஸ்டன் இங்கதான் கெடக்கும், எங்கயும் ஓடிராது."

அவ்வளவு தூரம் வந்தவனை வெறுங்கையோடு அனுப்புகிறாரே என்று கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து கியர் பாக்ஸின் லெவல் ஸ்க்ரூவைக் கழற்றினால் ஆயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிளக் முனை எண்ணெயில் குளித்திருந்தது. விஷயம் இதுதான்: கிராங்கின் கிளட்ச் பக்கத்து ஆயில் சீல், அதாவது ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையம், தேய்ந்துபோனால், கியர் பாக்ஸ் ஆயிலை இன்ஜின் உள்ளே இழுத்து எரித்துவிடும். புகை அங்கிருந்து வருகிறது. பிஸ்டனை மாற்றியிருந்தாலும் புகை நின்றிருக்காது.

மெக்கானிக் இன்ஜினை இறக்கிப் பழைய சீலை எடுத்துக் கொடுத்தார். அதை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் பாசஞ்சர். அண்ணாச்சி தினத்தாளை விரித்து அதன்மேல் சீலை வைத்துத் துடைத்தார். ஓரத்தில் இருந்த நம்பரை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார், வெர்னியரில் அளந்தார், அப்புறம்தான் டப்பாவை இறக்கினார். முதல் சீலின் உதட்டைப் பெருவிரலால் மடக்கினார். ரப்பர் வறட்டுத்தனமாக விறைத்தது. "இது மழை காணாது" என்று தூக்கி ஓரத்தில் போட்டார். இரண்டாவதில் உதட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஸ்பிரிங் விரல் பட்டதும் கழன்று வந்தது. மூன்றாவதைத்தான் என் கையில் கொடுத்தார். "மேக்னெட் பக்கத்துச் சீலையும் சேத்து மாத்திருங்க, ரெண்டு தடவ இறக்கவா இன்ஜின?" எல்லாம் சேர்த்து 200 ரூபாயைத் தாண்டவில்லை. புகை நின்றது. பிள்ளைகளுக்குத்தான் வருத்தம்.

இதற்கு முன்னால் இன்னொரு கடையில் டியூப் வாங்கி ஏமாந்தது நினைவுக்கு வந்தது. பஜாஜ் சூப்பர் ஸ்கூட்டருக்கு எட்டு இஞ்ச் சக்கரம், சேட்டக்குக்குப் பத்து இஞ்ச். இரண்டும் பஜாஜ்தானே என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஆன்லைனில் வாங்கிய கிளட்ச் கேபிளோ, நுனியில் இருந்த ஈய உருண்டை கழன்று சேரன்மகாதேவி ரோட்டில் கைவிட்டது. அண்ணாச்சி கேபிளைக் கொடுக்கும் முன் அந்த உருண்டையைக் குறடால் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்க்கிறார்.

குறைகளும் உண்டு. கேட்டால்தான் பில். எலெக்ட்ரிக் சாமானைத் திருப்பி எடுக்கமாட்டார். பேனல், பீடிங் ரப்பர் மாதிரி பாடி சாமான் எதுவும் கிடையாது. இன்ஜின், எலெக்ட்ரிக், கேபிள், பிரேக், அவ்வளவுதான். கூரியரில் அனுப்பச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பழைய சாமானைக் கண்ணால் பார்க்காமல் புதுசு தர மனசு வராதாம். மதியம் ஒன்றிலிருந்து மூன்றரை வரை ஷட்டர் இறங்கிவிடும். வண்டி நிறுத்த இடமே இல்லை. ஆனித் தேரோட்டம் நடக்கிற நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள், சாமி கும்பிடப் போவதென்றால் போங்கள்.

ஹெட்லைட் ரிம் ஒன்று கேட்டுவைத்திருக்கிறேன். காலண்டரின் ஆடி மாதத் தாளில் என் நம்பரை எழுதிக்கொண்டார். "வந்தா சொல்லுதேன். வரலன்னா சொல்லமாட்டேன், நீங்களும் போன் பண்ணாதிய." ஐப்பசி பிறந்துவிட்டது, அந்தத் தாளை அவர் கிழித்திருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.