வெடியுப்பு இல்லாத நாட்டில் ஏழு வருடம்

சிவிலைசேஷன் 6 என்கிற கணினி விளையாட்டில் மிலிட்டரி எஞ்சினியரிங் ஆராய்ச்சி முடிந்ததும் நான் செய்கிற முதல் வேலை, மவுஸை உருட்டி வரைபடத்தை முழுக்கத் தூரப்படுத்திப் பார்ப்பது. அந்தத் தொழில்நுட்பம் கைக்கு வந்த பிறகுதான் வெடியுப்பு கண்ணில் படும். கேமில் அதற்கு நைட்டர் என்று பெயர். அண்மையில் ஆடிய ஓர் ஆட்டத்தில் என் எட்டு நகரங்களுக்குள்ளும் ஒரு பொட்டு உப்பு இல்லை. வடக்கே பனித்தரையில் ஒன்று கேட்பாரில்லாமல் கிடந்தது. மிச்சமெல்லாம் கணினி ஆடுகிற பக்கத்து நாட்டு அரசன் சுலைமானிடம். அருகில் இருந்த சித்தி மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, உங்கட நாட்டில உப்பே இல்லையா? பேசாம திருப்பித் தொடங்குங்க" என்றான்.

சிவிலைசேஷன் 6 வாங்கி ஏழு வருடமாகிறது. 1,100 மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்கிறேன் என்று கணக்குக் காட்டுகிறது. இந்த எண்ணை வீட்டில் யாருக்கும் காட்டியதில்லை. முதல் இரண்டு வருடம் தம்பி சொன்னதைத்தான் நானும் செய்தேன். இரும்பு இல்லையா, ரீஸ்டார்ட். குதிரை இல்லையா, ரீஸ்டார்ட். தொடங்கிய ஆட்டம் எத்தனையோ, முடித்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. அப்புறம்தான் விளங்கியது, எனக்கு நன்றாக நினைவிருக்கிற ஆட்டமெல்லாம் ஏதோ ஒன்று இல்லாமல் ஆடியவைதான்.

அதற்கு முன் ஆடிய சிவ் 5இலும் இப்படி ஒன்று உண்டு. அதில் கொழும்பு என்றே ஒரு நகர அரசு வரும். நாட்டின் அரசியல் கொள்கையைச் சீக்கிரமாகத் தேர்வதற்கு மூன்று தொழிற்சாலை கட்ட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலக்கரி வேண்டும். என் நிலத்தில் கரி இல்லை, கொழும்பிடம் இருந்தது. 500 தங்கம் கொடுத்து நட்புப் பிடித்து, இன்னும் கொஞ்சம் கொடுத்துக் கூட்டாளியாகி, கரியை வாங்கிக்கொண்டேன். வெள்ளவத்தையில் உட்கார்ந்துகொண்டு கொழும்பிடம் நிலக்கரி கேட்கிறேனே என்று அன்றைக்குச் சிரிப்பு வந்தது. நிஜத்தில் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் 900 மெகாவாட்டுக்கு நாங்கள் கரியைக் கப்பலில் அல்லவா இறக்குகிறோம்.

சரி, சிவ் 6க்கு வருவோம். 2016இல் வந்தபோது அதன் விதி எளிமையானது. ஒரு வளத்தில் இரண்டு சுரங்கம் இருந்தால் எந்த நகரத்திலும் அந்தப் படையைக் கட்டலாம். படைமுகாம் உள்ள நகரத்துக்கு ஒன்றே போதும். 2019 பெப்ரவரியில் கேதரிங் ஸ்டோர்ம் என்ற விரிவாக்கம் வந்து எல்லாவற்றையும் மாற்றியது. இப்போது வளம் கிடங்கில் சேர்கிறது. வெடியுப்புச் சுரங்கம் ஒன்று டேர்னுக்கு, அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்றுக்கு, 2 தரும், ஒரு மஸ்கட் துப்பாக்கி வீரனுக்கு 20 வேண்டும். ஆக, ஒரு சுரங்கம் இருந்தாலும் பத்து டேர்னுக்கு ஒரு வீரன்தான். கிடங்கின் கொள்ளளவு தொடக்கத்தில் 50. "இருக்கு, இல்லை" என்று இரண்டாகக் கிடந்த விஷயம் "எவ்வளவு இருக்கு" என்று மாறியதும், இல்லாதவனுக்கும் ஒரு வழி பிறந்தது. கொஞ்சமாக வாங்கலாம், கொஞ்சமாகச் செலவழிக்கலாம்.

இனி அந்த ஆட்டம். வெடியுப்பு இல்லையென்றால் மஸ்கட் இல்லை, பொம்பார்ட் பீரங்கி இல்லை, ஃப்ரிகேட் கப்பலும் இல்லை. சுலைமானிடம் மூன்றும் வரப்போகின்றன. அதிலும் அவனுடைய ஒட்டோமான்கள் மதில் உடைப்பதற்கென்றே பிறந்தவர்கள். நான் முதலில் செய்தது முட்டாள்தனம். வடக்கே பனித்தரையில் கிடந்த அந்த ஒற்றை உப்புக்காகக் குடியேற்றக்காரனை அனுப்பி ஒரு நகரம் போட்டேன். அது சுலைமானின் நகரத்திலிருந்து நான்கு கட்டம் தள்ளி. போட்ட மறு டேர்னே அந்த நகரத்துக்கு என்மேல் இருந்த விசுவாசம் சரியத் தொடங்கியது. ஆளுநர் ஒருவரை நியமித்தால் டேர்னுக்கு 8 விசுவாசம் கூடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நேரத்தோடு ஒருவரை நியமிக்க மறந்துபோனேன். ஆளுநர் இல்லாமலே நகரம் கலகம் செய்து சுயாதீனமாகியது. கொஞ்ச நேரத்தில் சுலைமானோடு சேர்ந்துகொண்டது. என் குடியேற்றக்காரன், என் சுரங்கம், அவனுடைய வெடியுப்பு. தம்பி சிரித்த சிரிப்பு காலி வீதிக்கே கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு பழைய பாடத்துக்குத் திரும்பினேன். இந்த கேமில் குறைந்தது இரண்டு படை வரிசைகளுக்கு எந்த வளமும் தேவையில்லை. கவண்காரனில் தொடங்கி வில், குறுக்குவில், ஃபீல்ட் கெனன், மெஷின்கன் வரை போகும் தூர எறிபடை ஒன்று. ஈட்டிக்காரனில் தொடங்கி, ஈட்டியும் துப்பாக்கியும் கலந்த பைக் அண்ட் ஷொட் படை வழியாக டாங்கி எதிர்ப்புப் படை வரை போகும் வரிசை மற்றது. வாள்வீரன் வரிசைதான் பெருந்தீனிக்காரன். முதலில் இரும்பு, அப்புறம் வெடியுப்பு, அப்புறம் எண்ணெய் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். எல்லை நகரம் இரண்டுக்கும் மறுமலர்ச்சிக் கால மதில் கட்டி, உள்ளே குறுக்குவில்லும் ஆற்றின் இந்தக் கரையில் பைக் அண்ட் ஷொட்டும் வைத்தேன். சுலைமான் வந்தான். அவனுடைய பொம்பார்ட் மதிலில் இரண்டு அடி அடிப்பதற்குள் மூன்று குறுக்குவில்லும் அதன் மேலேயே சுட்டன. பதினைந்து டேர்னில் அவனே சமாதானம் கேட்டான்.

தற்காப்புக்கு இது போதும். ஆனால் உப்பில்லாமல் மதில் உடைப்பது லேசில்லை. இங்கேதான் மேக்னஸ் வருகிறார்.

மேக்னஸ் என்கிற ஆளுநரைப் பலரும் காடு வெட்டத்தான் வைத்திருப்பார்கள். அவருக்கு இரண்டு பதவி உயர்வு கொடுத்தால் பிளாக் மார்க்கட்டியர், நம்முடைய பேச்சில் சொன்னால் கள்ளச் சந்தைக்காரர், என்ற பட்டம் கிடைக்கும். அவர் இருக்கும் நகரத்தில் கட்டுகிற படைக்கு வளச் செலவு 80 வீதம் குறையும். 20 வெடியுப்புக் கேட்கிற பொம்பார்ட் 4க்கு முடியும். கணக்குப் பார்த்தேன். 20 மட்டும் யாரிடமாவது வாங்கினால் ஐந்து பீரங்கி. கடலுக்கு அப்பால் இருந்த கொங்கோவிடம் கிடங்கு நிரம்பி வழிந்தது. கிடங்கு நிரம்பிய கணினி நாடுகள் மலிவாகத் தள்ளிவிடும், ஐந்தாறு டேர்னுக்கு ஒருமுறை வியாபாரத் திரையைத் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் மேலதிகமாக இருந்தது தேயிலை. தேயிலையும் டேர்னுக்கு 4 தங்கமும் கொடுத்து 20 வெடியுப்பு வாங்கினேன். ஐந்து பீரங்கியும் போய் முதலில் இறங்கியது அந்தப் பனித்தரை நகரத்தின் முன்னால்.

தேயிலை கொடுத்துச் சரக்கு வாங்குவது இங்கே எவருக்கும் புதிதில்லை. 2021 டிசம்பரில் ஈரானுக்குக் கொடுக்க வேண்டிய 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகத் தீர்க்க இலங்கை ஒப்பந்தம் செய்ததே. வெடியுப்பும் அப்படித்தான். நக்கிள்ஸ் மலையில் நைட்டர் குகை என்றே ஒரு குகை இருக்கிறது. கண்டி இராச்சியக் காலத்தில் குகை மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்தவர்கள் நாங்கள். சிவ் 6இல் கண்டியும் ஒரு நகர அரசாக வருகிறது, ஆனால் அதன் தனிச் சிறப்பு புனிதச் சின்னங்கள். எனக்கு உப்புத்தான் வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

எண்ணெய் இல்லாத ஆட்டம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அதை ஆடிய இடத்துக்காகவே சொல்கிறேன். 2022 ஜூன், பெற்றோல் செட்டுக்கு முன்னால் வரிசை. பைக்கை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, பழைய ஐபேடில் கேமைத் திறந்தேன். முந்தின இரவு கரண்ட் வந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றியது, 60 வீதம் இருந்தது. அதிலும் எனக்கு எண்ணெய் இல்லை. எண்ணெய் இல்லாமல் காலாட்படையைக் கட்டவே முடியாது. கட்டிய பிறகும் ஒவ்வொன்றும் டேர்னுக்கு 1 எண்ணெய் குடிக்கும், தீர்ந்துவிட்டால் சண்டை வலு குறையும். பின்னால் நின்ற ஓட்டோக்காரர் தோளுக்கு மேலால் பார்த்தார்.

"என்ன தம்பி, கப்பல் விடுறீங்களா?"

"எண்ணெய் தேடுறன் அண்ணை. நிலத்தில இல்ல. கடலுக்குள்ள இருக்கு, தோண்டுற தொழில்நுட்பம் இன்னும் வரேல்ல."

"நம்மட மன்னார் மாதிரி" என்றார் அவர். 2011இல் மன்னார்ப் படுகையில் இயற்கை வாயு கண்டுபிடித்ததை நினைத்துத்தான் சொன்னார் போல. அப்புறம் சொன்னார், "நீங்க இதில கிடைச்சாலும் எனக்கு ஒரு லீற்றர் தரமாட்டீங்கதானே."

அந்த ஆட்டத்தை அலுமினியம் காப்பாற்றியது. குண்டு விமானத்துக்கு எண்ணெய் தேவையில்லை, அலுமினியம் போதும். மின்சாரத்துக்கு அணையும் காற்றாலையும் போட்டேன். ஆனால் ஐபேடில் அது முடியவில்லை. சார்ஜ் 9 வீதம் ஆனபோது வரிசை பத்து மீற்றர் நகர்ந்தது, எல்லோரும் பைக்கைத் தள்ளத் தொடங்கினோம். அன்றைக்குப் பெற்றோல் கிடைக்கவில்லை. ஜூலைக் கடைசியில் கியூஆர் முறை வந்து வாரத்துக்கு 4 லீற்றர் என்றானபோது, எனக்கு உடனே ஞாபகம் வந்தது அந்தக் கிடங்குக் கணக்குத்தான்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. கணினி நாடுகளின் மூளை பெரிய குறை. அடுத்த டேர்னில் உன்மேல் போர் தொடுக்கப்போகிறவனே இந்த டேர்னில் உனக்கு இரும்பு விற்பான். இது எனக்கு வசதிதான், ஆனாலும் ஏமாற்றி ஜெயித்த மாதிரி ஒரு உறுத்தல். எந்த நாட்டிடம் எவ்வளவு கிடங்கு இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் காட்டாமல், ஒவ்வொருவராக வியாபாரத் திரையைத் திறக்க வைப்பதும் எரிச்சல். மாவட்டம் கட்டிய இடத்துக்கு அடியில் பின்னால் வளம் வெளிப்பட்டால் அது உங்களுக்கே கிடைத்துவிடும் என்பதை கேம் எங்கேயும் சொல்லித் தருவதில்லை. அதை நான் தற்செயலாகக் கண்டுபிடித்தது 400 மணி நேரத்துக்குப் பிறகு. தொடங்கும்போதே வளத்தை "அதிகம்" என்று வைத்து ஆடலாம். தம்பி அப்படித்தான் ஆடுகிறான். எனக்கு அது உப்புப் போடாத கஞ்சி.

2025 பெப்ரவரியில் சிவ் 7 வந்தது, அதில் சோழர்களும் வந்தார்கள். பெருமையாக இருந்தது, வாங்கினேன். ஆனால் அதில் இரும்பு இல்லாவிட்டாலும் படை கட்டலாம், இருந்தால் படைக்குக் கொஞ்சம் வலு கூடும், அவ்வளவே. இல்லாமை என்ற ஒன்றே அதில் இல்லை. இரண்டு மாதம் ஆடிவிட்டு சிவ் 6க்கே திரும்பிவிட்டேன்.

போன சனிக்கிழமை தம்பி கொட்டாஞ்சேனையிலிருந்து தன் லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரே வைஃபையில் இரண்டு பேரும் ஆடினோம். நான் அடம்பிடித்து வளத்தைக் "குறைவு" என்று வைத்தேன். எனக்கு இரண்டு இரும்புச் சுரங்கம் விழுந்தது, அவனுக்கு ஒன்றும் இல்லை. அவன் ரீஸ்டார்ட் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டான்.

"அண்ணா, 20 இரும்பு தாறீங்களா?"

"தேயிலை இருக்கா?" என்றேன்.