கடன் அதிகமா, சுமை அதிகமா? ஜப்பான், கிரீஸ், இலங்கை: ஓர் ஒப்பீடு

2021-ஆம் ஆண்டின் முடிவில் மூன்று நாடுகளின் அரசுக் கடனை அவற்றின் மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தினால், ஜப்பான் ஏறத்தாழ 250 சதவீதத்துடன் முதலிடத்திலும், கிரீஸ் 200 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இரண்டாமிடத்திலும், இலங்கை ஏறத்தாழ 100 சதவீதத்துடன் கடைசியிலும் நிற்கும். நான்கே மாதங்களில், 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்த நாடு, வரிசையின் கடைசியில் இருந்த இலங்கைதான். ஆனாலும் நாடுகளின் கடன் நிலையை ஒப்பிடும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இன்றும் இந்த ஒரே விகிதத்தைத்தான் நம்புகின்றன. அரசின் வருவாயில் எவ்வளவு பங்கு வட்டிக்குப் போகிறது என்ற கணக்கு, ஒரு நாட்டின் நிலையை இதைவிட நெருக்கமாகக் காட்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடன் விகிதத்துக்கு இருக்கும் வசதிகளை மறுப்பதற்கில்லை. ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் அது கிடைக்கிறது. சிறிய நாட்டையும் பெரிய நாட்டையும் ஒரே அளவுகோலில் வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்க 1992-இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தமும் 60 சதவீதம் என்ற வரம்பை இந்த விகிதத்தில்தான் வகுத்தது. ஆனால் ஒரு நாட்டின் உற்பத்தி முழுவதும் அரசின் கைக்கு வருவதில்லை. வரியாகவும் கட்டணமாகவும் திரட்ட முடிந்ததைக் கொண்டுதான் அரசு வட்டி கட்ட வேண்டும். கிரீஸ் அரசு தன் நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழப் பாதியை வருவாயாகத் திரட்டுகிறது. இலங்கையிலோ, 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, வேறு பல வரிகளும் தளர்த்தப்பட்டு, பெருந்தொற்றும் சேர்ந்துகொண்டதில், 2021-இல் அரசு வருவாய் உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. பாதியைத் திரட்டும் அரசுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கைத் திரட்டும் அரசுக்கும் 100 சதவீதக் கடன் ஒரே பாரமாக இருக்க முடியாது.

கடன் என்று எதைக் கணக்கிடுகிறோம் என்பதிலும் சிக்கல் உண்டு. சிங்கப்பூரின் மொத்தக் கடன் அதன் உற்பத்தியைவிட மிக அதிகம். ஆனால் அதில் பெரும்பகுதி, தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிக்காகவும் உள்நாட்டுப் பத்திரச் சந்தைக்காகவும் வெளியிடப்பட்டு, திரட்டிய தொகை முதலீடு செய்யப்படுகிறது. சொத்துகளைக் கழித்துப் பார்த்தால் அந்த அரசுக்கு நிகரக் கடனே இல்லை.

இனி வட்டிச் சுமையை வைத்து அதே நாடுகளைப் பார்க்கலாம். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இலங்கை அரசு ஈட்டிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் 70 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போயிற்று. எஞ்சிய தொகையில் சம்பளமும் ஓய்வூதியமும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் நடக்க வழியில்லை என்பதால், அவற்றுக்கும் கடனே வாங்க வேண்டியிருந்தது. அதே காலத்தில், பல மடங்கு பெரிய விகிதத்தில் கடன் வைத்திருந்த ஜப்பானின் பொது அரசு வருவாயில் (மத்திய, உள்ளாட்சி அரசுகள் அனைத்தும் சேர்ந்தது) வட்டியின் பங்கு ஒற்றை இலக்கச் சதவீதமாகவே இருந்தது. வரிசை அப்படியே தலைகீழாகிறது. நடந்த நிகழ்வுகளோடு பொருந்துவதும் இந்த வரிசைதான்.

ஜப்பானுக்கு மட்டும் வட்டி இவ்வளவு குறைவாக இருந்ததற்குக் காரணம், கடன் எந்த நாணயத்தில், யாரிடம் வாங்கப்பட்டது என்பதில் இருக்கிறது. ஜப்பான் அரசின் கடன் யென்னில் உள்ளது. பத்திரங்களில் ஏறத்தாழப் பாதியை நாட்டின் மத்திய வங்கியே வைத்திருக்க, எஞ்சியதில் பெரும்பகுதி உள்நாட்டு வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், ஓய்வூதிய நிதிகள் ஆகியவற்றின் கையில் இருக்கிறது. இலங்கை 2007 முதல் பன்னாட்டுச் சந்தையில் டாலர் பத்திரங்களை வெளியிட்டு வந்தது. டாலரை இலங்கை மத்திய வங்கி அச்சிட முடியாது. ஏற்றுமதியும் சுற்றுலாவும் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணமும்தான் அதைக் கொண்டுவர வேண்டும். 2019 இறுதியில் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2022 மார்ச்சில் 200 கோடிக்கும் கீழே இறங்கியிருந்தது. வரவு செலவுத் திட்டத்தை அழுத்திய வட்டியில் பெரும்பகுதி உள்நாட்டுக் கடனுக்கானது என்பதையும், தவணை தவறியது வெளிநாட்டுக் கடனில் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வருவாய் இல்லாமையும் டாலர் இல்லாமையும் வெவ்வேறு நோய்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தாக்கின.

கிரீஸின் கதை இந்த ஒப்பீட்டில் மிகவும் கற்பிக்கக்கூடியது. 2010 மே மாதம் 11,000 கோடி யூரோ மீட்புக் கடன் ஒப்புக்கொள்ளப்பட்டபோது, அந்நாட்டின் கடன் விகிதம் பின்னாளில் எட்டிய அளவைவிடக் குறைவாகவே இருந்தது. 2011-இல் அரசு வருவாயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வட்டிக்குப் போயிற்று. 2012-இல் கடன் கொடுத்திருந்த தனியார் தங்கள் பத்திரங்களின் முகமதிப்பில் பாதிக்கு மேல் விட்டுக்கொடுத்த பிறகும், பொருளாதாரமே சுருங்கிவிட்டதால், விகிதம் 180 சதவீதம் வரை ஏறியது. இருந்தும் வட்டிச் சுமை பாதியளவுக்குக் குறைந்தது. ஏனென்றால் கடனில் பெரும்பகுதி, மிகக் குறைந்த வட்டியில் நீண்ட தவணைக்குக் கொடுத்த ஐரோப்பிய மீட்பு நிதியங்களின் கைக்கு மாறிவிட்டது. கடன் விகிதத்தை மட்டும் பார்த்தவருக்கு நாடு மோசமாகிக்கொண்டே போவதாகத் தெரிந்திருக்கும். 2023-இல் அதே நாடு முதலீட்டுக்குத் தகுந்த தர மதிப்பீட்டை மீண்டும் பெற்றது. அந்த ஆண்டுகளில் வேலையிழந்தவர்களும் ஓய்வூதியம் வெட்டப்பட்டவர்களும் அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் இந்த மீட்சியை மதிப்பிட வேண்டும்.

வட்டிச் சுமைக் கணக்குக்கும் குறைகள் உண்டு. அது நேற்று வாங்கிய கடனின் விலையைச் சொல்கிறது. நாளை புதுப்பிக்க வேண்டிய கடனின் விலையைச் சொல்வதில்லை. 2018-இல் செய்த ஏற்பாட்டின்படி, கிரீஸ் சில ஐரோப்பியக் கடன்களுக்குக் கட்ட வேண்டிய வட்டியும் அசலும் மேலும் 10 ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. ஆகவே இன்றைய எண் அந்நாட்டின் சுமையைச் சற்றுக் குறைத்தே காட்டுகிறது. ஜப்பானிலும் 2024 மார்ச்சில் மத்திய வங்கி எதிர்மறை வட்டியை (பூஜ்யத்துக்கும் கீழான வட்டியை) கைவிட்ட பின், முதிர்வடையும் பத்திரங்களில் பல கூடுதல் வட்டியில் புதுப்பிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் 2024 நிதியாண்டில் கூட்டரசின் நிகர வட்டிச் செலவு பாதுகாப்புச் செலவைத் தாண்டி, வருவாயில் ஏறத்தாழ 18 சதவீதத்தை எட்டியது. டாலரைத் தானே வெளியிடும் நாடு என்பதால் அது இலங்கையின் வழியில் விழாது. ஆனால் வேறு எதற்கும் செலவிட முடியாத தொகை ஆண்டுதோறும் பெருகுகிறது. எனவே வட்டிச் சுமையோடு கடனின் முதிர்வுக் காலத்தையும் சேர்த்துப் பார்ப்பதே சரியான முறை.

2023 மார்ச்சில் இலங்கைக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்த சர்வதேச நாணய நிதியமே கடன் விகிதத்தோடு நின்றுவிடவில்லை. 2032-க்குள் கடன் 95 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது ஓர் இலக்கு. அது, நாடு தவணை தவறியதற்கு முந்தைய நிலையிலிருந்து அதிகம் விலகியதல்ல. அதோடு, 2027 முதல் 2032 வரை அரசின் ஆண்டு மொத்த நிதித் தேவை (பற்றாக்குறையும் அந்த ஆண்டில் முதிரும் கடனும் சேர்ந்தது) சராசரியாக உற்பத்தியில் 13 சதவீதத்துக்குள்ளும், வெளிநாட்டு நாணயக் கடனுக்கான தவணையும் வட்டியும் ஆண்டுக்கு 4.5 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. வருவாயைக் கூட்டுவதற்காக மதிப்புக் கூட்டு வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் கட்டும் வரி என்பதால், வருமானத்தில் பெரும்பகுதியை அன்றாடத் தேவைகளுக்கே செலவிடும் குடும்பங்கள் தம் வருமானத்தில் கூடுதல் பங்கை இதற்குக் கொடுக்கின்றன. வட்டிச் சுமை எண் இறங்கும்போது, அந்த இறக்கத்துக்கு யார் பணம் கட்டினார்கள் என்பதை இந்த இரண்டு அளவுகோல்களில் எதுவும் காட்டுவதில்லை. அதற்கு வரி விவரங்களைத் தனியே எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.