தானே கற்கும் வீடா, சொன்னபடி கேட்கும் வீடா?

ராத்திரி அம்மா எழுந்தால் கட்டிலடியிலிருந்து பாத்ரூம் வரை விளக்கு தானாக எரிய வேண்டும். எங்கள் வீட்டில் ஸ்மார்ட் ஹோம் பேச்சு தொடங்கியதே இதற்காகத்தான். வழி இரண்டு உண்டு. நம் பழக்கத்தைப் பார்த்துப் பார்த்து வீடே கற்றுக்கொள்வது ஒன்று. இது நடந்தால் அதைச் செய் என்று நாமே விதி எழுதி வைப்பது இன்னொன்று.

முதல் வழியை 1990-களிலேயே ஒருவர் வாழ்ந்து பார்த்திருக்கிறார். அமெரிக்காவின் கொலராடோவில், போல்டர் நகரில், மைக்கேல் மோஸர் என்ற பேராசிரியர் தான் குடியிருந்த வீட்டையே நியூரல் நெட்வொர்க்கிடம், அதாவது பார்த்துப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரலிடம், ஒப்படைத்தார். ஆள் அடுத்த 2 விநாடிக்குள் எந்தப் பக்கம் வருவார் என்று அது கணிக்கும். அன்றைய கருவிகளில் கட்டளை விளக்கைச் சேரவே நேரம் பிடித்தது. வந்த பிறகு போட்டால் ஆள் இருட்டில் நிற்க வேண்டியதுதான். மின்செலவையும் மனிதரின் அசௌகரியத்தையும் ஒரே கணக்கில் காசாகவே அது கூட்டிப் பார்த்தது. நடுநடுவே வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கும். ஆள் பேசாமல் இருந்தால் இது போதும் என்று எடுத்துக்கொள்ளும். ஸ்விட்சைத் தொட்டுக் கூட்டினால், தன் கணிப்பு தப்பு என்று குறித்துக்கொள்ளும்.

அருமையான யோசனை. ஆனாலும் அம்மா நடக்கும் வழியில் இந்தச் சோதனைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். தப்பை வீடு கற்றுக்கொள்வதற்குள் அவர் கால் தடுக்கிவிடும். அதோடு, அசைவை மட்டும் பார்க்கும் சென்சாருக்கு நடப்பது யார் என்று தெரியாது. பேரன் கண்விழித்துப் படிக்கும் பரீட்சை வாரத்தை அது அம்மாவின் பழக்கமாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

விளக்குக்கு அதனால் விதிதான். 2013-ல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளை ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் போட்டு இன்வெர்ட்டர் லைனில் மாட்டினேன். இன்டர்நெட் போனாலும் ஓடும். ராத்திரி 10 முதல் காலை 5 வரை கட்டிலடியில் அசைவு தெரிந்தால் விளக்கு மெல்லிய வெளிச்சத்தில் எரியும். தப்பு நடந்தால் எந்த வரியில் என்று பார்த்துத் திருத்தலாம்.

தொல்லை இதிலும் உண்டு. முதலில் வைத்தது பிஐஆர் சென்சார். அது நகரும் உடல் சூட்டைத்தான் பார்க்கும். அம்மா பாத்ரூமில் அசையாமல் உட்கார்ந்தால் விளக்கு அணைந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் சுவரின் சூடும் உடம்பின் சூடும் நெருங்கிவர, நடந்து போனாலே சில நேரம் கண்டுகொள்ளாது. சரி என்று பாத்ரூமில் ரேடார் சென்சாருக்கு மாறினேன். மூச்சுவிடும் அசைவைக்கூட அது பிடித்துவிடும். ஹாலிலும் ஒன்று வைத்தால், சுற்றுகிற மின்விசிறியை ஆள் என்று நினைத்து விடிய விடிய விளக்கை எரியவிட்டது. அங்கே பழைய சென்சாரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏசி, கீசர் விஷயத்தில் என் ஓட்டு கற்கும் வீட்டுக்குத்தான். அறை குளிரவும் தண்ணீர் சுடவும் நேரமாகும். ஆள் எப்போது வருவார் என்று முன்கூட்டியே ஊகித்தால்தான் பலன். 2011-ல் வந்த நெஸ்ட் தெர்மோஸ்டாட் என்ற, அறையின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது. கணிப்பு தவறினால் கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

எதை மாட்டினாலும் சுவரில் இருந்த பழைய ஸ்விட்சுகளை நான் கழற்றவில்லை. அம்மாவின் கை இன்னும் முதலில் அங்கேதான் போகிறது.