லீசா, மாச வாடகையா?

கோயமுத்தூரில் வீடு தேடுறவங்க அதிகம் குழம்புவது இதில்தானுங்க.

கைக்காசு: வாடகைக்கு அட்வான்ஸ் போதும். 2017 வாடகைச் சட்டப்படி, தனியாக ஒப்புக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. லீசுக்குச் சில லட்சம் மொத்தமாக வேணும், காலி செய்யும்போது அது திரும்ப வரணும்; மாசாமாசம் வாடகைக் கவலையில்லை.

ஆபத்து: லீசில்தான். சிங்காநல்லூரில் நாங்கள் லீசுக்கு இருந்த வீட்டுக் கதவில் ஒரு நாள் காலையில் பசை காயாத பேங்க் நோட்டீஸ். வீட்டுக்காரர் கடன் கட்டவில்லை. எங்கள் பணம் திரும்பிவர இரண்டு வருஷம் ஆச்சு. வீட்டு மேல் கடன், அடமானம் இருக்கான்னு காட்டுற வில்லங்கச் சான்று பார்க்காமல், லீசுப் பத்திரம் பதியாமல் பணத்தைக் கொடுத்துடாதீங்க.

காலி செய்வது: வாடகையில் சுலபம். லீசில் பெரும்பாலும் அடுத்த ஆள் வந்தால்தான் பணம் கைக்கு வரும்.

பிள்ளைகள் படிப்புக்காக மூணு வருஷம் ஒரே இடத்தில் இருப்பவர்களுக்கு, பத்திரம் சுத்தமாக இருந்தால், லீசு. திருப்பூர், ஈரோடு என்று வேலை மாறக்கூடியவங்க வாடகைக்கே போங்க.